வேதகிரியின் வார்

டீ வருவதற்குள் இந்த லாட்டை முடித்துவிடலாம் என்று நாய்க் கழுத்துப்பட்டைகளின் தையலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு துப்பாக்கி வார் என் மேஜை மேல் வந்து விழுந்தது. விழுந்தது என்ன, வீசி எறியப்பட்டது. அதன் இரும்பு பக்கிள் மேஜைத் தகரத்தில் மோதிய சத்தத்தில் மெஷினில் இருந்த பெண்கள் எல்லோரும் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டுத் திரும்பினார்கள். எங்கள் ஷெட்டில் அத்தனை மெஷினும் ஒரே நேரத்தில் நிற்பது கரண்ட் போனால் மட்டும்தான்.

"இது எங்கப்பாவுது இல்ல," என்றார் வந்தவர்.

சுபேதார் செங்கல்வராயன். குடியாத்தத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். எழுபதைத் தாண்டியும் பேன்ட்டின் மடிப்புக் கலையாமல் நடக்கிற மனிதர். போன மழைக்காலத்தில் இதே ஷெட்டுக்கு வந்து, இதே மேஜையில், தன் அப்பாவின் வாரை ஒரு பழைய துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தவர். அன்றைக்கு என்னை "மகளே" என்று கூப்பிட்டார். இன்றைக்கு என் முகத்தையே பார்க்கவில்லை.

"எங்கப்பாவுத எடுத்து வச்சிக்கினு உங்க சரக்குல ஒண்ண அனுப்பிக்கிறீங்க. எங்க அது? யார் கையில குடுத்தீங்க?"

ஷெட்டில் இருந்த எல்லாக் கண்களும், சொல்லி வைத்ததுபோல், சாம்பிள் ரூம் பக்கம் போயின. அங்கே உட்கார்ந்திருப்பவர் இன்பசேகரன் மாஸ்டர். வெளியிலிருந்து வருகிற சாம்பிள் எதுவானாலும் அவர் கைக்குத்தான் போகும், அந்த அலமாரிச் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். அவர் என் வீட்டுக்காரர். கம்பெனிக்குள் நானும் மற்றவர்களைப்போல மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவேன். இருபது வருஷப் பழக்கத்தில் சில நாள் வீட்டிலும் வாய் தவறி வந்துவிடும், அதற்கு என் மாமியார் முறைப்பார்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனி ஆம்பூர் பைபாஸுக்குப் பின்னால், ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. அப்துல் ஹமீத் பாய் ஆரம்பித்தது. இப்போது அவர் மகன் காஷிஃப் பார்த்துக்கொள்கிறார். பெல்ட், நாய்ப்பட்டை, குதிரைச் சாமான். நாலைந்து வருஷமாகப் பழைய ராணுவச் சாமான்களின் நகலும் செய்கிறோம். வெளிநாட்டில் சினிமா எடுக்கிறவர்களுக்கு வேண்டுமாம். அதைவிட ஜாஸ்தி, ஞாயிற்றுக்கிழமையானால் பழைய யூனிஃபாரத்தை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்ச் சண்டை விளையாடும் பெரிய மனிதர்களுக்கு வேண்டுமாம். சண்டை முடிந்து எண்பது வருஷம் ஆகியும் அதற்கு ஆர்டர் வந்துகொண்டுதான் இருக்கிறது.

போன வருஷம் ஜப்பான் துப்பாக்கி வாருக்கு ஒரு ஆர்டர் வந்தது. அசல் கிடைக்கவில்லை. எங்கள் வாட்ச்மேன் பழைய மிலிட்டரிக்காரர், அவர்தான் சுபேதாரைப் பற்றிச் சொன்னார். சுபேதாரின் அப்பா வேதகிரி பர்மா சண்டைக்குப் போய், அங்கே கைப்பற்றிய ஜப்பான் துப்பாக்கியை அங்கேயே போட்டுவிட்டு அதன் வாரை மட்டும் கையோடு கொண்டுவந்தவர். காஷிஃப் நேரில் போய்க் கேட்டார். சுபேதார் பணம் ஒன்றும் வேண்டாம், பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றார். கொடுக்கும்போது அதைத் தடவிக்கொண்டே அவர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது: "எங்கப்பா என்ன அடிச்சதும் இதாலதான். அரக்கோணத்துல மிலிட்டரி ரயிலேத்தி வுட்டப்போ டிரங்குப் பெட்டியக் கட்டிக் குடுத்ததும் இதாலதான்."

கொஞ்சம் நோண்டினால் பொடியாகிற நிலையில் இருந்தது அந்த வார். கருத்து, வெடித்து, பக்கிளில் துரு. பக்கிள் ஓரத்துத் தோலில் பேனாக்கத்தி முனையால் கீறிய ஒரு எழுத்து, 'வே'. போட்டோ எடுத்து அனுப்பினோம். ஆர்டர் கொடுத்த பார்ட்டிக்கு அந்த எழுத்துதான் ரொம்பப் பிடித்துப்போனது, எல்லா வாரிலும் அதே இடத்தில் அதே மாதிரி வேண்டும் என்று எழுதினார்கள். ஜப்பான் எழுத்து என்று நினைத்தார்களோ என்னவோ, நாங்களும் திருத்தவில்லை. வாணியம்பாடியில் அச்சு வெட்டி வந்து எல்லாவற்றிலும் குத்தினோம். பிறகு டிரம்மில் கல்லோடு போட்டு உருட்டி, வெயிலில் வாட்டி, டீத்தூள் தண்ணீர் தடவி, உப்புத்தாள் போட்டு, முந்தாநாள் பிறந்த வாரை எண்பது வயசு ஆக்கினோம். அதில் எங்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அசலைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் பேஜார் ஆகிவிட்டது. எங்கள் கம்பெனியில் பெரிய பாய் காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. கஸ்டமர் கொடுத்த சாம்பிள், வந்த மாதிரி திரும்பிப் போகக்கூடாது. நூல் விட்டிருந்தால் தைத்து, ஓரம் பிரிந்திருந்தால் ஒட்டி, துடைத்து, மெழுகு போட்டுத்தான் அனுப்ப வேண்டும். அது ஒரு மரியாதை. பிரிந்த தையலோடு ஒரு பொருள் இந்தக் கதவைத் தாண்டினால் பெரிய பாய் மாஸ்டரைக் கூப்பிட்டு, திட்டமாட்டார், சும்மா பார்ப்பார். அந்தப் பார்வையில் வளர்ந்தவர் என் வீட்டுக்காரர். வேதகிரியின் வாரை நாலு நாள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மட்கின நூலைப் பிரித்து, பழைய ஓட்டையிலேயே நைலான் நூல் போட்டுத் தைத்தார். ஈரம் காட்டி, எண்ணெய் விட்டு, வெடிப்பில் மெழுகை இழைத்து, கட்டையால் தேய்த்தார். பக்கிளின் துருவை எடுத்தார். முடித்தபோது அது நேற்றுக் கடையில் வாங்கியதுபோல இருந்தது. நானும்தான் தொட்டுப் பார்த்து, "சூப்பரா கீது மாஸ்டர்" என்றேன்.

அந்த எழுத்து ஈரத்தில் ஊறி, மெழுகில் அமுங்கி, ஏறக்குறைய மறைந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது சொன்னார். "ஊசியால திரும்ப எழுதிடுங்களேன்," என்றேன். "ஒருத்தர் கைப்பட எழுதினத நான் எப்படி எழுதறது, ஜெஸி?" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

கூரியரில் போனது. சுபேதார் பிரிக்காமலே பெட்டியில் வைத்திருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை வேலூரில் முன்னாள் ராணுவத்தினர் கூட்டம், அதில் பழைய சாமான்களின் கண்காட்சி. அங்கே கொண்டுபோய், தன்னோடு வேலை பார்த்தவர்கள் சுற்றி நிற்க, பார்சலைப் பிரித்திருக்கிறார். சென்னையிலிருந்து இந்தச் சாமான்களை அடையாளம் பார்த்துச் சொல்ல ஒருவர் வந்திருந்தாராம். லென்ஸை வைத்து நூலைப் பார்த்தார். பக்கிளைப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார்.

"இன்னா சொன்னான் தெரியுமா?" சுபேதார் இப்போதுதான் என்னைப் பார்த்தார். "ஐயா, இது ஆம்பூர் பக்கம் செய்யற டூப்ளிகேட், மேஜைல வேணாம், எடுத்துடுங்கன்றான். எல்லாரும் கீறாங்க. என் கமாண்டிங் ஆபீசர் கீறாரு. எங்கப்பா பேரு எழுதி வச்சிருந்த அட்டையக்கூட எடுத்துட்டான்."

அவர் தாடை நடுங்கியது. அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம், சார் இதுதான் அது, நாங்கதான் பாழாக்கிட்டோம் என்று. சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் அடுத்து அவர் சொன்னது இதுதான்: "ஒண்ணு எங்கப்பாவுது இப்ப வரணும். இல்ல, நேரா ஸ்டேஷனுக்குப் போறேன். உங்க மாஸ்டர் எந்த வெள்ளைக்காரனுக்கு வித்தான்னு அவங்க கேக்கற மாதிரி கேக்கட்டும்."

காஷிஃப் உள்ளேயிருந்து ஓடி வந்தார். நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். சுபேதார் உட்காரவும் இல்லை, குடிக்கவும் இல்லை. காஷிஃப் என் பக்கம் குனிந்து, உதடு அசையாமல், "அக்கா, போலீஸ் உள்ள வந்தா முதல்ல மாஸ்டரைத்தான் கூட்டிட்டுப் போவாங்க. அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல," என்றார். மிரட்டவில்லை, அவருக்கும் பயம். போலீஸுக்கு என் வீட்டுக்காரர் என்ன பதில் சொல்வார் என்று யோசித்தேன். நாலு வார்த்தை சேர்த்துப் பேச அவருக்கு வராது. பேசாத மனிதரைத் திருடன் என்று நினைக்க யாருக்கும் அதிக நேரம் ஆகாது.

அவர் சாம்பிள் ரூம் வாசலில் வந்து நின்றிருந்தார். கையில் ஊசி இருந்தது, அதைக் கீழே வைக்க மறந்திருந்தார்.

"மீதி பீஸ் கீதில்ல, எல்லாத்தையும் கொண்டாங்க," என்றார் சுபேதார். "எங்கப்பாவுத நானே எடுத்துக்கறேன்."

காஷிஃப் ஒரு டிரேயில் மீந்திருந்த நகல்களைக் கொண்டுவந்து கொட்டினார். எல்லாம் கருப்பு, எல்லாம் வெடிப்பு, எல்லாவற்றிலும் பக்கிள் ஓரம் துரு. சுபேதார் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார். ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், கன்னத்தில் வைத்துப் பார்த்தார். ரயில் ஒன்று போனது, அது போய் முடிகிற வரைக்கும் அவர் கையை அசைக்காமல் காத்திருந்தார். வெளியில் டீக்காரர் வந்து நின்று, நிலைமையைப் பார்த்துவிட்டு, கேனோடு திரும்பிப் போனார்.

கடைசியில் ஒரு வாரைப் பிடித்தார். கட்டை விரல் பக்கிள் ஓரத்துக்குப் போனது. அங்கே குத்தியிருந்த 'வே'யைத் தடவியது. திரும்பத் திரும்பத் தடவியது.

"இதான்," என்றார். "இதான்மா. பாரு, எங்கப்பா கையெழுத்து."

அப்படியே அதைத் தோளில் மாட்டிக்கொண்டார், துப்பாக்கி இருப்பதுபோலவே. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவே இல்லை. மெஷினில் இருந்த பூங்காவனம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அது போன கார்த்திகையில் அவளே ஓரம் மடித்த வார்.

காஷிஃபின் தோள் இறங்கியது. வழி கிடைத்துவிட்டது அவருக்கு. "ஆமாங்கய்யா, பேக்கிங்ல மாறிப்போச்சு. மிஸ்டேக் எங்களுதுதான், மன்னிச்சிக்கங்க," என்று சுபேதாரின் கையைப் பிடித்தார். நல்ல பிள்ளைதான், பொய் சொல்லும்போது காது சிவந்துவிடும். சிவந்திருந்தது.

சாம்பிள் ரூம் வாசலில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். வாயைத் திறந்தார். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. கண்ணாலேயே கெஞ்சினேன். சொல்லாமல் இருந்தால் இந்தக் கிழவர் சந்தோஷமாகப் போய்விடுவார், ஸ்டேஷன் இல்லை, ஒன்றும் இல்லை, சாயந்திரம் நாங்கள் இருவரும் ஒரே வண்டியில் வீட்டுக்குப் போகலாம். அசலை அலமாரியில் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம், என்றைக்காவது... என்றைக்கு என்று யோசிக்கவில்லை. திறந்த வாயை அவர் மூடிக்கொண்டார். இருபது வருஷத்தில் என் பேச்சை இவ்வளவு சீக்கிரம் கேட்டது அன்றைக்குத்தான், அதுவே எனக்குக் கசந்தது.

சுபேதார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முகம் பத்து வயசு குறைந்திருந்தது. "நாளைக்கே மெட்ராஸ் போறேன். அந்த ஆளு வூட்டு அட்ரஸ் வாங்கி வச்சிக்கிறேன். அவன் மேஜைல இத வச்சி, இப்ப சொல்லுடான்னு கேக்கப்போறேன். என் ஆபீசரையும் கூட்டிக்கினு போறேன்," என்றார்.

அந்த மனிதர் லென்ஸை எடுப்பார். அச்சில் குத்திய எழுத்துக்கும் கத்தியால் கீறிய எழுத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நிமிஷம் போதும். இரண்டாவது தடவை, அதே ஆபீசர் முன்னால், எங்கள் பொய்யைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பார் இவர். காஷிஃபுக்கும் அது புரிந்தது, ஆனால் அவர் தரையைப் பார்த்தார்.

போகிற போக்கில் சுபேதார் மேஜையில் கிடந்ததை எடுத்தார். புது நூல், மெழுகின் பளபளப்பு, துரு இல்லாத பக்கிள். "சனியன்," என்று சொல்லி, தோல் துண்டுகளைக் கொட்டி வைக்கும் குப்பைத் தொட்டிக்குள் எறிந்தார். அந்தத் தொட்டியை மத்தியானம் அரவைக்குக் கொண்டுபோகிற வண்டி வந்து எடுத்துப்போகும்.

இன்பசேகரன் வந்தார். யாரையும் பார்க்கவில்லை. தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டு, துண்டுகளை ஒதுக்கி, வாரை எடுத்தார். சட்டையில் துடைத்தார். இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு சுபேதார் முன்னால் போய் நின்றார்.

அவர் பேசமாட்டார் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் பேசினேன்.

"சார், அதான் உங்கப்பாவுது. நீங்க மாட்டிக்கினு கீறது நாங்க செஞ்சது."

"இன்னா?"

"உங்கப்பாவுது நூல் விட்டுப் போயிருந்திச்சு. மாஸ்டர்தான் தெச்சாரு, மெழுகு போட்டாரு. நல்லதுன்னு நெனச்சுத்தான் சார். எங்க வழக்கம் அப்படி. எழுத்து அமுங்கிப்போச்சு. உங்க தோள்ல கீற எழுத்து அச்சுல குத்தினது, எல்லா பீஸ்லயும் கீது, பாருங்க." டிரேயிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பி வைத்தேன். வே. வே. வே.

சுபேதார் டிரேயைப் பார்த்தார். தோளில் இருந்த வாரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இதுங்கள இத பாத்து செஞ்சீங்க. அதனால எல்லாத்துலயும் கீது. எனக்குக் காது குத்தாத. எங்கப்பாவுத புடுங்கிக்கத் திட்டம் போடறீங்களா?" குரல் உயர்ந்தது. செல்போனை எடுத்தார். "ஸ்டேஷனுக்கே போன் போடறேன்."

"கொதிக்கிற தண்ணி," என்றார் இன்பசேகரன்.

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் சுபேதாரைத் தவிர அங்கே இருந்த எல்லோருக்கும் புரிந்தது, தோல் ஊரில் இது தெரியாதவர் கிடையாது. பழைய காலத்துத் தோல் மரப்பட்டையில் பதப்படுத்தியது, கொதிக்கிற தண்ணீரில் போட்டால் தாங்காது, சுருங்கிவிடும். இந்த நகல்கள் குரோம் உப்புப் போட்டுப் பதப்படுத்திய தோல், கொதித்தாலும் போட்டபடி கிடக்கும். நான் அதை சுபேதாருக்குச் சொன்னேன். ஆனால் அதற்கு இரண்டிலும் ஒரு துண்டு வெட்ட வேண்டும், நகம் அளவுக்காவது வெட்ட வேண்டும்.

"எங்கப்பாவுதுல கத்தி வெப்பியா?" என்றார்.

"எதுல வச்சாலும் நீங்களே வைங்க சார்," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது.

சுபேதார் நம்பரை அழுத்தவில்லை. செல்போன் வெளிச்சம் அணைந்து போனது. பிறகு இன்பசேகரன் நீட்டிய தோல் கத்தியை வாங்கினார். தோளில் இருந்ததைக் கழற்றவில்லை, தொங்கிய முனையில் மட்டும் ஒரு நறுக்கு எடுத்தார். அதற்கு முன் கத்தியை இரண்டு தடவை வைத்து வைத்து எடுத்தார். அடுத்து இன்பசேகரன் கையிலிருந்ததில் ஒரு நறுக்கு எடுத்தார், அதில் தயங்கவில்லை, அது அவருக்கு இன்னும் யாரோ ஒருவருடைய வார்.

ஆபீஸ் கெட்டிலை காஷிஃப்தான் கொண்டுவந்தார். மூடியைத் திறந்து வைத்து, சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் குமிழிட ஆரம்பித்தது. சுபேதார் முதலில் தன் தோளில் இருந்ததன் துண்டைப் போட்டார். குமிழியோடு மேலே வந்தது, கீழே போனது, மறுபடி மேலே வந்தது. போட்டபடியே இருந்தது. அது நல்லதா கெட்டதா என்று புரியாமல் ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு நான் சொன்னது ஞாபகம் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

இரண்டாவது துண்டைப் போட்டார்.

அது முழுகக்கூட இல்லை. ஓரங்கள் உள்ளே வளைந்தன, முறுக்கிக்கொண்டது, வற்றல்போலச் சுருண்டு பாதியாகிவிட்டது. நிறம் கறுத்து கெட்டில் ஓரத்தில் ஒட்டி நின்றது. பூங்காவனம் "ஐயோ" என்றாள், யாருக்காக என்று தெரியவில்லை.

நாங்கள் யாரும் அசைவதற்குள் சுபேதார் கொதிக்கிற தண்ணீருக்குள் விரலை விட்டு அந்தத் துண்டை எடுத்துவிட்டார்.

"சார், சுடும், கீழ போடுங்க," என்று கத்தினேன்.

அவர் அதை உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிக்கொண்டார். முஷ்டியின் இடுக்கிலிருந்து ஆவி வந்தது. முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. இன்பசேகரனைப் பார்த்தார், அவர் தைத்த தையலைப் பார்த்தார், மறுபடி அவர் முகத்தைப் பார்த்தார்.

"யாருய்யா உன்ன கேட்டாங்க, நல்லா பண்ணிக் குடுன்னு?" என்றார். சத்தமே இல்லாத குரல்.

என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் வாரை நீட்டிப் பிடித்தபடியே நின்றார். காஷிஃப் சுவிட்சை விடவில்லை, கெட்டிலில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. சுபேதார் வாரை வாங்கவும் இல்லை, தோளில் இருந்ததைக் கழற்றவும் இல்லை. மூடிய கையை நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டிருந்தார், விரல் முட்டிகள் மெல்லச் சிவந்து வந்தன.